லயத்து வீட்டுக்கு 65,536 வாசல்… தெரியுமா?

உங்கள் வீட்டுக்கு எத்தனை வாசல்? முன்பக்கம் ஒன்று, அடுப்படிப் பக்கம் ஒன்று. லயத்து வீடு என்றால் கணக்கு அதோடு முடிந்தது. ஆனால் கூடத்து மூலையில், சாமி படத்துக்குக் கீழே, பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே ரூட்டர், அதைக் கேட்டுப் பாருங்கள். 65,536 வாசல் என்று சொல்லும்! 0 முதல் 65,535 வரை எண் போட்ட வாசல்கள். அதுவும் டி.சி.பி. என்ற வகையில் 65,536, யு.டி.பி. என்ற இன்னொரு வகையில் தனியாக 65,536. இவற்றுக்குத்தான் போர்ட் என்று பெயர். வெளியிலிருந்து வந்து தட்டுகிறவருக்கு எல்லாமே சாத்திக் கிடக்கும். அதில் ஒன்றை மட்டும் திறந்து, ‘இந்த வாசலில் வருகிறவரை இன்ன அறைக்கு அனுப்பிவிடு’ என்று ரூட்டரிடம் சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

போர்ட் என்றதும் நெகிரி செம்பிலான்காரர்களுக்குப் போர்ட்டிக்சன் கடற்கரைதான் நினைவுக்கு வரும். சிரம்பானிலிருந்து 1891-லேயே ரயில் போன ஊர். தமிழ்க் கணினிக்காரர்களும் ‘துறை’ என்றுதான் மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆனால் லத்தீனில் துறைமுகத்துக்கு ‘போர்ட்டுஸ்’, வாசலுக்கு ‘போர்ட்டா’. கணினிப் போர்ட்டுக்கு அந்த இரண்டாவது சொல்தான் தாய். ஆகவே நான் வாசல் என்றே எழுதுகிறேன். கப்பலைத் தேடாதீர்கள்.

சரி, உலகத்திலேயே முதன்முதலில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தவர் யார் தெரியுமா? என்னைக் கேட்டால் தோட்டத்து ஆபீஸ் கிராணிதான்!

சிரிக்காமல் யோசித்துப் பாருங்கள். லின்சம் தோட்டம், ரந்தாவ். சுவா பெத்தோங் தோட்டம், போர்ட்டிக்சன். ஊரிலிருந்து, அதாவது தமிழ்நாட்டிலிருந்து, நீலக் கடிதம் வந்தால் உறைமேல் அவ்வளவுதான் விலாசம். தபால்காரருக்கு அந்த ஒரு விலாசம் போதும். மூட்டையை ஆபீசில் போட்டுவிட்டுப் போய்விடுவார். எந்த லயம், எந்தக் கதவு என்பதெல்லாம் கிராணிக்குத்தான் தெரியும். வெளியுலகத்துக்கு ஒரே விலாசம், உள்ளே நூற்றுக்கணக்கான வீடுகள். அந்தத் தோட்டத்திலும் நாலாம் லயம் உண்டு, இந்தத் தோட்டத்திலும் நாலாம் லயம் உண்டு. ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. ஏனென்றால் லயத்து எண் தோட்டத்து வேலியைத் தாண்டாது.

உங்கள் வீட்டு ரூட்டர் செய்வதும் அதையேதான். உங்கள் கைப்பேசிக்கு 192.168.0.5 என்று உள்விலாசம் கொடுத்திருக்கும். பாஹாவ்வில் உங்கள் மச்சான் வீட்டுக் கைப்பேசிக்கும் அதே 192.168.0.5 இருக்கலாம். அது லயத்து எண், வேலிக்கு வெளியே செல்லாது. வெளியே தெரிவது இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்த ஒரே ஒரு பொது விலாசம்.

‘அப்படியானால் யூடியூப் படம் மட்டும் என் கைப்பேசிக்குச் சரியாக வந்து சேர்கிறதே, எப்படி?’ இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்தான் விஷயத்தைப் பிடித்தவர். நீங்கள் உள்ளேயிருந்து கடிதம் போடும்போது கிராணி தன் நோட்டில் குறித்துக்கொள்கிறார்: ‘நாலாம் லயத்திலிருந்து இன்னாருக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் வந்தால் அங்கே கொடுக்கவேண்டும்.’ பதில் வந்ததும் கொடுத்துவிடுகிறார். ஆனால் கேட்காமலே, முன்பின் தெரியாத ஒருவர் தோட்டத்துப் பெயரை மட்டும் போட்டுக் கடிதம் அனுப்பினால்? யாருக்கென்று தெரியாது. குப்பைக்கூடை! அதனால்தான் உள்ளேயிருந்து உலகத்தையே பார்க்க முடிகிறது. வெளியேயிருந்து உங்கள் வீட்டுக் கேமராவைப் பார்க்க முடிவதில்லை. ‘8000-ஆம் வாசலுக்கு வருவதெல்லாம் 14-ஆம் எண் வீட்டுக்கு’ என்று நோட்டில் நிரந்தரமாக ஒரு வரி எழுதிவைத்தால் அதுதான் போர்ட் ஃபார்வர்டிங். எழுதுவது ஒரு வரி, அவ்வளவே!

உள்ளே ஒரு விலாசம், வெளியே ஒரு விலாசம் என்ற இந்த ஏற்பாடு எப்போது வந்தது தெரியுமா? 1994 மே மாதம்தான் அதற்கான முதல் தொழில்நுட்பக் குறிப்பு வெளியானது. எழுதியவர்களே இதைத் தற்காலிக மருந்து என்றுதான் நினைத்தார்கள். தற்காலிகம் என்று போட்ட அட்டாப்புக் கூரை முப்பது வருஷம் நிற்பதை நாம் பார்த்ததில்லையா? அப்படி நின்றுவிட்டது.

ஏன் வேண்டியிருந்தது என்றால், விலாசம் பற்றவில்லை. இங்கே ஓர் ஆச்சரியம். 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கின. மலாயாவின் பால்மரக் காடுகளுக்கெல்லாம் தொடக்கம் அந்த இருபத்திரண்டு. சரியாக நூறு வருஷம் கழித்து, 1977-இல், இணைய விலாசம் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்று வின்ட் செர்ஃப் முடிவு செய்தார்: 32 பிட். மொத்தம் 4,294,967,296 விலாசங்கள். அன்றைய உலக மக்கள்தொகை ஏறக்குறைய 420 கோடி. ஆளுக்கு ஒன்று! பரிசோதனை வலைக்கு இது தாராளம் என்று அவர் நினைத்தார். பரிசோதனை முடியவே இல்லை; விலாசம்தான் முடிந்துவிட்டது. உலக இருப்பு 2011 பிப்ரவரி 3-இல் காலி. வட்டார இருப்பு முதலில் வற்றியது எங்கே? நம் ஆசியா பசிபிக்கில்தான், அதே வருஷம் ஏப்ரல் 15-இல்.

இன்னொரு 22-ஐயும் சொல்லிவிடுகிறேன். தொலைவிலிருந்து கணினியைப் பாதுகாப்பாக இயக்கும் எஸ்.எஸ்.எச். என்ற முறைக்கு வாசல் எண் 22. பின்லாந்துக்காரரான தாத்து உலோனென் 1995-இல் அதை உருவாக்கினார். கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21, பழைய டெல்நெட்டுக்கு 23, நடுவில் 22 சும்மா கிடந்தது. ‘எனக்கு அதைக் கொடுங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் போட்டார். கொடுத்துவிட்டார்கள். ஒரு நிலப்பட்டா இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருந்தால் நம் தோட்டத்து ஜனங்கள் எங்கோ போயிருப்பார்கள்!

இனி நேரே கோயிலுக்குப் போவோம். ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில். உண்டியலை யாரோ உடைத்துவிட்டார்கள். நிர்வாகம் கூடி எட்டுக் கேமராக்களும் ஒரு பதிவுப் பெட்டியும் வாங்கியது. பெட்டியை மாட்டியவர் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தலைவரின் கைப்பேசியில் மட்டும் படம் வரவில்லை. “தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, கொஞ்சம் வந்து பாரு” என்று எனக்குச் செய்தி வந்தது. தோட்டத்தில் பிறந்து கம்ப்யூட்டர் படித்தவனுக்கு இது ஆயுள் தண்டனை.

முதலில் ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில்தான் உள்ளே போகும் விலாசமும் பாஸ்வேர்டும் இருக்கும்; பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. உலாவியில் அதைத் தட்டினால் ரூட்டரின் ஆபீஸ் அறை திறக்கும். மெனுவில் போர்ட் ஃபார்வர்டிங் என்றே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில ரூட்டர்களில் அதே சாமான் ‘விர்ச்சுவல் சர்வர்’ என்ற வேஷத்தில், ‘நாட்’ என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும். உள்ளே போனால் நாலே கட்டங்கள்: வெளி வாசல், உள்விலாசம், உள் வாசல், டி.சி.பி.யா யு.டி.பி.யா. பதிவுப் பெட்டிகளில் சில கம்பெனிக்காரர்கள் 8000 வைப்பார்கள், சிலர் 37777. பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தில் போட்டிருக்கும். நான் போட்டது 8000, உள்விலாசம் 192.168.0.14. சேமித்தேன். அங்கேயே நின்று, கோயில் வைஃபையில், கைப்பேசியில் பொது விலாசத்தைத் தட்டினேன். வரவில்லை.

அழித்தேன். மறுபடியும் எழுதினேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். மூன்று மணி நேரம்! பூசாரி இரண்டு தடவை தேநீர் கொடுத்துவிட்டார். கடைசியில் தலைவர் வெளியே போய் யாருடனோ பேச, வைஃபையை விட்டு அவர் கைப்பேசி சிம்முக்கு மாறிய நிமிஷத்தில், “தம்பி! வந்துருச்சு!” என்று கத்தினார். முதல் தடவையே எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. பல ரூட்டர்களுக்கு, உள்ளே நின்றுகொண்டு வெளி விலாசத்தைக் கூப்பிட்டால் புரியாது. ஆபீசுக்குள் உட்கார்ந்துகொண்டே தோட்டத்து விலாசத்துக்குக் கடிதம் போடுகிற மாதிரி. ஆகவே சோதிக்கும்போது வைஃபையை அணையுங்கள். இந்த ஒரு வரிக்காக நான் இழந்தது மூன்று மணி நேரம், நீங்கள் இழக்காதீர்கள்.

கதை முடியவில்லை. ஒரு வாரம் கழித்து இடி மின்னல், கரண்டு போய் வந்தது. மறுபடியும் படம் இல்லை. போய்ப் பார்த்தால் பதிவுப் பெட்டிக்கு ரூட்டர் இப்போது .17 என்று புது எண் கொடுத்திருக்கிறது. பழைய .14-இல் யார் குடியிருக்கிறார் தெரியுமா? பொருளாளர் மகனின் டேப்லெட்! உலகத்திலிருந்து கோயிலைப் பார்க்க வருகிறவர்களையெல்லாம் ரூட்டர் நேர்மையாக அந்தப் பையனின் விளையாட்டுக் கருவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. குடியிருப்பவர் மாறினாலும் கிராணி நோட்டு மாறாது. அதனால் வாசல் திறப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு: அதே ரூட்டரில் ‘விலாச ஒதுக்கீடு’ என்ற இடத்தில், அந்தப் பெட்டிக்கு இந்த எண்தான் என்று நிரந்தரமாகக் கட்டிவைப்பது. வெளி விலாசமும் அவ்வப்போது மாறும். அதற்கு டி.டி.என்.எஸ். என்ற ஏற்பாடு இருக்கிறது. மாறும் எண்ணுக்கு மாறாத பெயர். பல ரூட்டர்களிலேயே அதற்கு ஒரு பக்கம் உண்டு.

இதெல்லாம் சரியாகச் செய்தும் வராதவர்கள் இருக்கிறார்கள். பாஹாவ், ஜெராம் பாடாங் பக்கத்திலிருந்து என்னைக் கேட்பவர்களில் பலர் இந்த ரகம். சிம் போட்ட ரூட்டர் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது: ரூட்டரின் நிலைமைப் பக்கத்தில் ‘வான்’ என்று போட்டிருக்கும் விலாசத்தைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறதா? விடுங்கள், தூங்கப் போங்கள்! உங்களுக்குச் சொந்தமாகப் பொது விலாசமே கிடையாது. கைப்பேசி நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே பொது விலாசத்தைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுவிடுகின்றன. லின்சம் தோட்டம் என்றுகூட இல்லாமல், எல்லாத் தோட்டத்துக்கும் சேர்த்துச் ‘சிரம்பான்’ என்று மட்டும் விலாசம் கொடுத்த மாதிரி. பெரிய கிராணி அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் நோட்டில் நீங்கள் எழுத முடியாது. இதற்கென்றே 2012-இல் 41,94,304 விலாசங்களைத் தனியாக ஒதுக்கிவைத்தார்கள். ‘100’ வரவில்லை என்றாலும், ரூட்டர் காட்டும் எண்ணும் ‘என் விலாசம் என்ன’ என்று இணையத்தில் தேடினால் வரும் எண்ணும் வேறுவேறாக இருந்தால் நடுவில் இன்னொரு கிராணி இருக்கிறார் என்றே அர்த்தம். சில வீட்டில் அந்த இன்னொருவர், நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்களே கடையில் வாங்கி மாட்டிய இரண்டாவது ரூட்டராகவும் இருக்கும்.

ஃபைபர் வந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். ஆனால் கம்பி பெரிய ரோட்டோடு நின்றுவிடுகிறது. செம்பனைக்குள் இருக்கும் பத்து வீட்டுக்காக யார் இழுப்பார்கள்? இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். உலகத்தின் முதல் கடலடித் தந்திக் கம்பிகளைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றியது எது தெரியுமா? இந்தத் தீபகற்பத்துக் காட்டு மரத்தின் பால்! மலாய்க்காரர்கள் ‘கெத்தா பெர்ச்சா’ என்பார்கள். வெள்ளைக்காரன் வாயில் அது ‘கட்டா பெர்ச்சா’ ஆனது. சிங்கப்பூரிலிருந்த டாக்டர் மான்ட்கோமரி 1843-இல் அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட கம்பிக்கு அந்தப் பால்தான் தோல். நம் ரப்பர் மரம் வேறு, இது வேறு. நம்முடையதைக் கீறிப் பால் எடுப்போம். அதை வெட்டிச் சாய்த்தே எடுத்தார்கள். உலகத்தைக் கம்பியால் கட்டக் காடு கொடுத்த மண்ணில், கம்பி இன்னும் லயத்துக்கு வரவில்லை. இன்னும் கேளுங்கள்: நீலாயிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருக்கும் புத்ராஜெயா, நாட்டின் மின்-அரசாங்கம் நடக்கும் நகரம், ஒரு காலத்தில் பெராங் பெசார் ரப்பர்த் தோட்டம். அங்கே பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களை டெங்கிலில் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள்.

கோயிலுக்கே திரும்புகிறேன். ஏனென்றால் கடைசித் ‘தெரியுமா’தான் எனக்கே வியர்க்க வைத்தது.

இணையத்தில் உள்ள அத்தனை விலாசத்திலும், 400 கோடிக்கு மேலான அத்தனையிலும், ஒரு குறிப்பிட்ட வாசல் திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? வருஷக்கணக்கா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் ‘இசட்மேப்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரு கணினி, ஒரு ஜிகாபிட் இணைப்பு, 45 நிமிஷத்துக்குள் உலகம் முழுவதும்! ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முடிந்துவிடும். ‘ரந்தாவில் ஒரு மூலையில் இருக்கும் கோயில் கேமராவை யார் தேடப்போகிறார்கள்’ என்று தலைவர் கேட்டார். யாரும் தேடவேண்டாம் ஐயா, எல்லா வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டே போகிறவனுக்கு உங்கள் கதவும் ஒன்று.

2016-இல் ‘மிராய்’ என்றொரு நச்சு நிரல் இப்படித்தான் தட்டிக்கொண்டு போனது. கேமராக்கள், பதிவுப் பெட்டிகள், ரூட்டர்கள். கையில் இருந்தது என்ன பெரிய ஆயுதமா? அறுபத்துச் சொச்சம் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய ஒரு பட்டியல். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் ‘அட்மின், அட்மின்’, ‘ரூட், 12345’ வகையறா. உச்சத்தில் ஆறு லட்சம் கருவிகள் அதன் கையில்! அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்சும் தடுமாறியதற்கு இதே நிரலின் படைதான் காரணம். எழுதியவர்கள் கல்லூரி வயதுப் பையன்கள். தொடக்கம், ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டு சர்வர்களை நடத்துவதில் வந்த போட்டி. பொருளாளரிடம், ‘உங்கள் மகன் விளையாடுவதும் அதைத்தான்’ என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

நம் பதிவுப் பெட்டியின் பாஸ்வேர்டு? மாட்டியவர் மாற்றவே இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்தது. அந்த வாசலை உலகத்துக்குத் திறந்துவைத்தது நானேதான்.

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன். ‘யு.பி.என்.பி.’ என்ற வசதியையும் அணைத்தேன். அது இருந்தால் வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே கிராணி நோட்டில் தானே வரி எழுதிக்கொள்ளும். ‘டி.எம்.இசட்.’ என்றும் ஒன்று இருக்கும். ஒரே கருவிக்கு எல்லா வாசலையும் மொத்தமாகத் திறக்கும் பொத்தான். வேலை சுலபமாக முடிகிறதே என்று யாராவது அதை அழுத்தச் சொன்னால் அவரைத் தோட்டத்து எல்லைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். பிறகு 8000-ஐ மூடிவிட்டு, ‘வயர்கார்ட்’ என்ற வி.பி.என்.னை நிறுவி அதற்கு ஒரே ஒரு யு.டி.பி. வாசல், 51820, திறந்தேன். இதில் சாவி இல்லாதவன் தட்டினால் பதிலே வராது. அங்கே வாசல் இருப்பதே அவனுக்குத் தெரியாது. சாவி தலைவரிடமும் செயலாளரிடமும் மட்டும். பொது விலாசம் இல்லாத சிம் ரூட்டர்காரர்களுக்கு, கருவியே உள்ளேயிருந்து வெளியே போய் இணைந்துகொள்ளும் ‘டெயில்ஸ்கேல்’ போன்ற வழிகள் உண்டு. அதற்குக் கிராணியின் தயவே வேண்டாம்.

இப்போது தலைவர் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் எட்டுக் கேமராவையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறார். அவருக்குத் தெரிந்த ஒரே பிரச்சினை, நாலாவது கேமராவில் சிலந்தி கூடு கட்டியிருப்பது.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரூட்டரைத் திருப்பி அந்தச் சீட்டைப் பாருங்கள், உள்ளே போங்கள், வாசல் பட்டியலைத் திறவுங்கள். எப்போதோ யாரோ எழுதிவைத்து, எதற்கென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாத வரி ஏதாவது இருந்தால் இன்று இரவே அழித்துவிடுங்கள். நாளைக்கு ஏதாவது நின்றுபோனால், அந்த வரி எதற்கென்று அப்போது தெரிந்துவிடும்.